எக்ஸாமின் என்றால் தராசு முள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட தோழிகளே, நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் ஒரு தாள் வந்து மாட்டிக்கொண்டால் நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். "டீச்சர் தியானத்துக்குப் போயிட்டாங்க" என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது நம் எல்லோருக்கும் வயதாகி, மூட்டுவலியைப் பற்றிப் பேசும் கூட்டமாகிவிட்டோம். இனிமேல் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அது தியானமும் இல்லை, தூக்கமும் இல்லை. எழுபதுகளின் கடைசியில், போடியில் நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், ஒரு காய்ப் பருவத்தில் எங்கள் வீட்டில் நடந்த காரியத்திலிருந்து வந்த பழக்கம் அது.

போடியில் காய் என்றால் ஏலக்காய்தான். மற்ற காய்களுக்குத்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆவணியில் போடிமெட்டுப் பக்கமிருந்து ஜீப்புகள் மூட்டைகளோடு இறங்க ஆரம்பித்தால் ஊரே மணக்கும். என் பாவாடை மணக்கும், புத்தகப் பை மணக்கும், குடிக்கிற தண்ணீர்கூட மணக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சி "என்ன, பாயசமா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து கேப்பைக் கூழைப் பார்த்து ஏமாந்து போவார்கள். எங்களுக்கு அந்த வாசனை தெரிந்ததே இல்லை. நான் மதுரைக்குப் படிக்கப் போய், முதல் விடுமுறையில் பஸ்சை விட்டு இறங்கியபோதுதான் அது என் மூக்கில் ஏறியது.

என் அப்பா ஒரு காய் வியாபாரியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், எடைக்காரர். அந்தக் கிட்டங்கியின் நடுவே, மேல் உத்தரத்திலிருந்து ஒரு பெரிய தராசு தொங்கும். இரண்டு பக்கமும் சங்கிலியில் ஆள் உட்காரும் அளவுக்குத் தட்டுகள். நடுவில், கைப்பிடிக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு முள். மூட்டையை ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் படிக்கல்லை வைத்ததும் அப்பா இரண்டு கைகளையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்வார். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அது ஆடும்வரை அங்கே யாரும் பேசக் கூடாது. முதலாளி பேசினாலும் அப்பா, "முள்ளு நிக்கட்டும், முதலாளி" என்பார். நின்ற பிறகுதான் எடையைச் சொல்வார். அப்பாவின் கை தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் எடை சொன்னதாக ஒருவரும் ஒரு குறை சொன்னது கிடையாது.

எங்கள் வீட்டில் அப்போது சித்தியும் இருந்தாள். என் அம்மாவின் தங்கை, வயது பத்தொன்பது. அவளுடைய அப்பா அம்மாவுக்கு மலைமேல் குரங்கணியில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. அங்கே மேல்படிப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் அவளை விடவில்லை. முதல் தடவை இருபத்திரண்டு, இரண்டாம் தடவை முப்பத்தொன்று.

"ரெண்டு தடவ நிறுத்துப் பாத்தாச்சு, புள்ள" என்றார் அப்பா. "போதும். காய் பொறுக்க வா."

அதோடு சித்தி கிட்டங்கிக்குப் பொறுக்குவேலைக்கு வந்துவிட்டாள். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, நல்ல பச்சையை ஒரு பக்கமும், வெளுத்ததை ஒரு பக்கமும், வெடித்ததை ஒரு பக்கமும் ஒதுக்குவார்கள். சித்தி அதில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள். "இவளுக்குப் புத்தி எங்க மேயுதோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். புத்தி எங்கே மேய்ந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் உதட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்டோபர் பரீட்சைக்கு அவள் மறுபடியும் எழுதிப் போட்டிருந்தாள். எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த மலையாளத்து சிஸ்டர்தான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தது நான். அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மூன்றாவது தடவையும் தவறினால் ஒருவரும் அறியாமல் போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

சித்தி படித்த பெண் என்பதால் கிட்டங்கியில் அவளுக்கு இன்னொரு சோலியும் கொடுத்திருந்தார்கள். காய் விற்பனைக்கு வைக்கும் நாளில், வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி சாம்பிள் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். பழைய காகிதத்தை வெட்டி, மடித்து, மூட்டையின் நம்பரைப் பென்சிலால் முன்கூட்டியே எழுதி அடுக்கி வைப்பது அவள் வேலை. அந்த வருடம் மலைமேல் ஏதோ ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த காகித மூட்டை ஒன்று கிடைத்தது. அதற்குள் அட்டை போன, செங்கல் கனமுள்ள இங்கிலீஷ் அகராதி ஒன்று இருந்தது. ஏ-யில் தொடங்கி ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடித்தாள் சித்தி. மனசு கேட்காமல் தினமும் ஒரு பொட்டலத்தை இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிரித்து நீவி, நானும் அவளும் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் உட்கார்ந்து படிப்போம். மறுநாள் காலையில் அதே மடிப்பில் மடித்துக் கொண்டுபோய் அடுக்கில் வைத்துவிடுவாள். ஒரு தாளைக்கூட அவள் வைத்துக்கொண்டதில்லை.

அந்த அகராதியில் பல வார்த்தைகளுக்குப் பக்கத்தில் 'எல்' என்று ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டிருக்கும். எங்களுக்கு அது லிட்டர் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி அது எவ்வளவு கனம் நிற்கிறது என்று பார்த்துத்தானே போடியில் காயின் தரத்தைச் சொல்கிறார்கள்? வார்த்தைக்கும் லிட்டர் பார்ப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டோம். நான் சிஸ்டரிடம் போய்க் கேட்டபோது அவர் வெள்ளை முக்காடு குலுங்கச் சிரித்தார்.

"மோளே, எல்லுன்னா லத்தீன். எங்க பழைய பூசை பாஷையாக்கும். அந்த வாக்கு எங்கேருந்து வந்ததுன்னு சொல்லியிருக்கும்."

அதற்குப் பிறகு சித்திக்கு அர்த்தத்தைவிட அந்த 'எல்' பக்கம்தான் ருசித்தது. வார்த்தைக்கும் அப்பன் ஆத்தா உண்டு, சொந்த ஊர் உண்டு என்று தெரிந்ததும் இங்கிலீஷைப் பார்த்து அவளுக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது.

ஒருநாள் வந்த தாளில் 'எக்ஸாமின்' இருந்தது. எங்களுக்கு எக்ஸாம் தெரியும். ஆனால் சோதித்துப் பார், கூர்ந்து பார் என்று அதற்கு வேறு புழக்கமெல்லாம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. டாக்டர் நோயாளியைப் பார்ப்பதும் எக்ஸாமின், போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் ஜீப்பை நிறுத்திப் பார்ப்பதும் எக்ஸாமின். அதற்கும் கீழே 'எல்'. சித்தி விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். லத்தீனில் எக்ஸாமென் என்று ஒரு சொல்லாம். அதற்கு அர்த்தம், தராசின் நாக்கு. அதிலிருந்து நிறுத்துப் பார்ப்பது என்று ஒரு சொல் வந்து, அதிலிருந்து இது வந்ததாம்.

"தராசுக்கு ஏது சித்தி நாக்கு?" என்றேன்.

சித்தி ஆள்காட்டி விரலை நிமிர்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பிறகு விரலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "முள்ளுடீ" என்றாள். "உங்க அப்பா பாக்குற முள்ளு. பரிச்சைங்கிறது அதுதான்டீ!"

அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் பிறகு எத்தனையோ வகுப்பறைகளில் தேடியிருக்கிறேன், சில முறை கிடைத்தும் இருக்கிறது. அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாமே எக்ஸாமின்தான். சித்தி கத்தரிக்காயைப் புழுவுக்காக எக்ஸாமின் செய்தாள், நான் அவள் தலையைப் பேனுக்காக எக்ஸாமின் செய்தேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்த பார்வைக்கும் அதுதான் பெயர்.

மறுநாள் காலையில் சித்தி அந்தத் தாளைத் திருப்பி வைக்கவில்லை. பிரிய மனசில்லாமல் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். வினை அங்கேதான் வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பொறுக்குகிற பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் மேஸ்திரியம்மா முன் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சித்தி உதறியபோது பொட்டலம் கீழே விழுந்தது. அதில் பென்சிலால் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. மேஸ்திரியம்மா அதை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"முதலாளி, நாப்பத்தொண்ணாம் நம்பர் சாம்பிளு வெளிய போகுது!"

இது காயைத் திருடுவதைவிடப் பெரிய குற்றம். விற்பனை நாளுக்கு முன்பே சாம்பிள் இன்னொரு வியாபாரி கைக்குப் போய்விட்டால், எந்த மூட்டை எப்படி இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்கள் ஊர்க் கிட்டங்கிகளில் இதைவிடத் துரோகம் கிடையாது. முதலாளி எழுந்து வந்தார். "யாருக்கும்மா கொண்டு போற?" என்று கேட்டார். பத்தடி தள்ளித் தராசுக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். படிக்கத்தான் என்று சொன்னால் எதற்குப் படிக்கிறாய் என்று கேள்வி வரும். சித்தி உதறிய முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

அப்பா பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை, அவளையும் ஒன்றும் கேட்கவில்லை. "நாளையில இருந்து இவ வரமாட்டா, முதலாளி" என்று மட்டும் சொன்னார். முதலாளி பொட்டலத்தை மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஜீப்பில் சித்தியைக் குரங்கணிக்கு ஏற்றிவிடுவது. பரீட்சை அடுத்த புதன்கிழமை. மேலே போனால் மறுபடி இறங்க விடமாட்டார்கள். அங்கே அவளுக்கு மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லிடவா சித்தி?" என்று கொல்லைப்புறத்தில் வைத்துக் கேட்டேன்.

"சொன்னே, உங்கூடப் பேசவே மாட்டேன்" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இப்பப் போயி பரிச்சைன்னு சொன்னா, கள்ளத்தனத்துக்கு மேல கள்ளத்தனம்னு ஆயிரும். பாவம், சிஸ்டரயும் இழுத்து விட்டுருவாக." பிறகு அழுதாள். "எங்க மச்சான் என்னைய ஒரு வார்த்த கேக்கலையேடீ. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்த இரண்டு நாளும் மலையில் பேய்மழை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் மேலேயே நின்றுவிட்டன. வெள்ளிக்கிழமை காலையில்தான் பாதை திறந்தது. பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் தூக்குவாளியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடினேன். சித்தி பேசாவிட்டால் போகட்டும், பரீட்சை எழுதட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

கிட்டங்கி வாசலில் அப்போதுதான் வந்த ஜீப்பிலிருந்து ஈரச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா நிறுத்துக்கொண்டிருந்தார். முள் ஆடியது. மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் சொன்னார். அந்த ஒரு நிமிடம்போல நீளமான நிமிடத்தை நான் பார்த்ததே இல்லை.

"முப்பத்தொம்போது" என்று மூட்டையின் நம்பரைச் சொல்லி எடையையும் சொன்னார் அப்பா. மூட்டையின்மேல் மையில் நம்பர் போட்டார்கள். அடுத்த மூட்டை ஏறியது. நாற்பது. நான் பேசலாமா என்று பார்ப்பதற்குள் அடுத்ததும் ஏறிவிட்டது. முள் ஆடி நின்றது.

"நாப்பத்தொண்ணு" என்றார் அப்பா.

சொன்னவர் எடையைச் சொல்லவில்லை. அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தொன்றாம் மூட்டை இப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருக்கிறது. மூன்று நாளைக்கு முன்னால் அதன் சாம்பிள் எப்படி வெளியே போகும்? இந்தக் கிட்டங்கியில் எந்த மூட்டை வந்தது, எந்த மூட்டை வரவில்லை என்று அவரைவிடத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்பா, அந்தப் பொட்டலத்துல காயே இல்ல" என்றேன். "அதுல இங்கிலீசுதான் இருந்துச்சு. சித்தி பரிச்ச எழுதப் போகுது."

முதலாளி இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. "வாசம் வந்துச்சே" என்றாள் மேஸ்திரியம்மா. "இந்தக் கட்டடத்துல எதுலதான் வாசம் வரல? உன் கொண்டையில வரலையா?" என்றார் முதலாளி. பிறகு தாளை என்னிடம் நீட்டி, "அப்படி என்னதான் எழுதியிருக்கு, படி பாப்போம்" என்றார். நான் படித்தேன். பரீட்சை என்ற இங்கிலீஷ் வார்த்தை தராசு முள்ளிலிருந்து வந்தது என்று சொன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "எடைக்காரரே, உம்ம முள்ளு சீமை வரைக்கும் போயிருக்கய்யா!"

அப்பா சிரிக்கவில்லை. நாற்பத்தொன்றாம் மூட்டையைத் தராசில் தொங்கவிட்டபடியே வெளியே நடந்தார். வேலை நேரத்தில் அப்படி அவர் போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஜீப்பு நிறுத்தத்தில் சித்தி பின்பக்கத்து இருக்கையில், எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களுக்கு நடுவே, துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

"எறங்கு, தாயி."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒன்னையக் கேட்டிருக்கணும்" என்றார் அப்பா. "கையை எடுக்காமலே எடை சொல்லிட்டேன் புள்ள. தப்பு எம்மேல." பிறகு அவசரமாக, "பரிச்ச என்னைக்கு?" என்றார்.

"பொதன்கெழம, மச்சான்."

"அப்பறம் ஜீப்புல என்ன சோலி? வெரசா எறங்கு."

என்னோடு பேசமாட்டேன் என்ற சித்தி, வீடு வந்து சேர்வதற்குள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

முதலாளி மனம் இளகி, மீதி அகராதியை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் ஈ எழுத்து வரைக்கும் பொட்டலமாகப் போய்விட்டிருந்தது. ஆகவே எங்கள் வீட்டு இங்கிலீஷ் எஃப் எழுத்திலிருந்துதான் ஆரம்பித்தது. எக்ஸாமின் இருந்த தாளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி எவ்வளவோ சொன்னார். சித்தி கேட்கவில்லை. நாற்பத்தொன்று என்று எழுதிய பொட்டலம் நாற்பத்தொன்றாம் மூட்டைக்குத்தான் என்று, பச்சைக் காய் ஒரு கைப்பிடி போட்டு அவளே மடித்து வைத்தாள். அது எந்த ஊர் வியாபாரியின் சட்டைப் பையில் போனதோ தெரியாது. பிற்பாடு நான் எத்தனையோ அகராதி வாங்கினேன். எக்ஸாமென் என்ற அந்த லத்தீன் சொல்லுக்குத் தேனீக் கூட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று படித்தேன். சாம்பிள் என்ற சொல்லே 'வெளியே எடுத்தது' என்ற லத்தீனிலிருந்து வந்தது என்று படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனாலும் அந்தப் பொட்டலத் தாளின் மேல் இருந்த ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

பரீட்சையன்று அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு சித்தியோடு நடந்தார். நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடவே ஒட்டிக்கொண்டேன். வாசலில் சித்தி பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். "கேள்வியப் பாத்ததும் எழுதாத" என்றார் அப்பா. "கையை எடுத்து மடியில வச்சுக்க. முள்ளு நிக்கட்டும். பெறகு எழுது." அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது தெரிகிறதா தோழிகளே, நான் எங்கே போய்விடுவேன் என்று? முப்பத்தொன்று வாங்கிய தாளுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். இரக்கப்பட்டு மார்க் போட்டதில்லை. என் அலுப்பும் அவசரமும் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பேன், அவ்வளவுதான்.

முடிவு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பேப்பரில் பாஸானவர்களின் நம்பரைப் போடுவார்கள். மதுரையிலிருந்து பேப்பர்க் கட்டு வரும் பஸ்சுக்காக அப்பா காலையிலேயே போய் நின்று வாங்கி வந்தார். வழியில் பிரிக்கவே இல்லை. கட்டிய மடிப்போடு கொண்டுவந்து சித்திக்கு முன்னால் தரையில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தராசுக்கு முன்னால் நிற்பதுபோலவே நின்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

சித்தியின் விரல் நம்பர்களின் மேல் ஊர்ந்தது. ஒரு வரிசை இறங்கியது, அடுத்த வரிசை இறங்கியது. மூன்றாவது வரிசையின் நடுவில் போய் அசையாமல் நின்றது.

"நின்னுருச்சா, தாயி?" என்றார் அப்பா.

"நின்னுருச்சு, மச்சான்."